குறிப்புல எருமைன்னு எழுதினது நான்தான்

ஆடாதீங்க சார். ஆட ஆடத்தான் உள்ள இழுக்கும். சொன்னேன்ல. பாருங்க, முட்டி போச்சு. சும்மா நில்லுங்க. கையை மட்டும் வேணும்னா ஆட்டிக்கோங்க, கொசுவுக்கு.

இல்ல சார், நான் சிரிக்கல. என் மூஞ்சியே அப்படித்தான். பள்ளிக்கூடத்துலயும் இதுக்குத்தான் வெளிய நிப்பாட்டினாங்க.

ஷூவை மறந்துடுங்க. போனது போனதுதான். பொக்லைன் டிரைவரோட செருப்பு ரெண்டு ஜோடி உள்ள கிடக்கு, மேஸ்திரியோட அளவு டேப்பு ஒண்ணு கிடக்கு, எங்க வீட்டு வாளி ஒண்ணு கிடக்கு. உங்க ஷூவுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கு.

தலை வரைக்கும் எல்லாம் போகாது. போன வாரம் டிரைவர் தொப்புள் வரைக்கும் போனார், அங்கயே நின்னுடுச்சு. என்ன, அவருக்கு நல்ல தொப்பை. நீங்க ஒல்லி. சரி விடுங்க, அதை ஏன் இப்பப் பேசிக்கிட்டு. அக்கா கதவு எடுத்துட்டு வரப் போயிருக்கா. ஆமா, கதவுதான். சேத்து மேல கதவைப் போடுவோம், நீங்க அது மேல குப்புறப் படுத்துத் தவழ்ந்து வரணும். டிரைவரும் அப்படித்தான் வந்தார். அது எங்க வீட்டுக் குளியலறைக் கதவு. குளியலறை போன மழையில ஓடைக்குள்ள போயிடுச்சு, கதவு மட்டும் மிஞ்சிச்சு. அதை அக்கா துணி தேய்க்கற மேசையா வெச்சிருக்கா. ஊரான் துணியெல்லாம் அது மேலதான் கிடக்கும். ஒவ்வொண்ணா மடிச்சு எடுத்து வெச்சிட்டுத்தான் கதவைத் தூக்குவா. சீக்கிரம்னு சொன்னா இன்னும் மெதுவா செய்வா, அதனால நான் சொல்லல.

பையை இப்படிக் குடுங்க, நனையாம வெச்சிக்கறேன். நீட்டிட்டு இருக்கற பேப்பர் என்னன்னு எனக்குத் தெரியும் சார். ஓடைக்கரை கட்டற வேலையை நிறுத்தச் சொல்ற பேப்பர். மேஸ்திரிகிட்ட போன்ல சொல்லிட்டீங்களாமே. மனுஷன் காலையிலேருந்து மூணு சட்டை மாத்திட்டார்.

நிறுத்தினா என்ன ஆகும்னு சொல்லட்டா? உடம்பைத் திருப்பாதீங்க, கழுத்தை மட்டும் திருப்புங்க. அந்த நீலச் சுவர் தெரியுதா? எங்க சமையலறை. போன மழைக்கு முன்னாடி அந்தச் சுவருக்கும் கரைக்கும் நடுவுல பதினாறு அடி. இன்னிக்கு அஞ்சு அடி. அம்மா அடுப்பை முன் ரூமுக்குத் தூக்கிட்டாங்க, இப்ப நாங்க நாலு பேரும் அடுப்புக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்கறோம். மழைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. இப்ப பொக்லைன் வண்டி போச்சுன்னா மழை முடிஞ்சுதான் வரும். வரும்போது கரையும் இருக்காது, வீடும் இருக்காது. அவ்ளோதான் சார் விஷயம். மிச்சமெல்லாம் கதை.

ஆமா, தண்ணி அளக்கறது நான்தான். பத்தாவதுல கணக்குல போச்சு, அதோட நின்னுட்டேன். இங்க வந்தா நாள் பூரா நம்பர்தான் எழுத விடறாங்க. எங்க போனாலும் சனியன் விடல.

உங்க பெர்மிட்டு என்ன சொல்லுது? வேலை நடக்கற இடத்துக்கு மேல ஒரு பாட்டில் தண்ணி, கீழ பாலத்துக்கிட்ட ஒரு பாட்டில் தண்ணி, மணிக்கு ஒரு தடவை எடுக்கணும். ரெண்டையும் மீட்டர்ல வெச்சுக் கலங்கல் எவ்வளவுன்னு பாக்கணும். கீழ வர்ற நம்பர் மேல உள்ளதைவிடப் பத்துக்கு மேல ஏறக் கூடாது. ஏறினா நான் விசில் அடிக்கணும், எல்லாரும் அரை மணி நேரம் கையைக் கட்டி நிக்கணும். சரிதானே? மொத வாரம் பதினேழு விசில் அடிச்சேன். இவன் வாயில விசிலைக் குடுத்த மகராசன் யாருன்னு டிரைவர் தினம் விசாரிச்சார். குடுத்தது நீங்கதான்னு நான் சொல்லல சார், நம்புங்க.

மேஸ்திரியும் சும்மா இல்ல. பாவம், என்னென்னமோ பண்ணினார். கலங்கல் கீழ போகாம தண்ணிக்குள்ள திரை கட்டினார். பத்தலன்னு ரெண்டாவது திரை கட்டினார். கரை பூரா நார்ப்பாய் விரிச்சார். கம்பிவலைக்குள்ள அடுக்கற கல்லை ஒவ்வொண்ணாக் கழுவச் சொன்னார். ஆமா சார், கல்லைக் கழுவினோம், குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி. ஒருத்தன் கல்லுக்குக் காதுக்குப் பின்னாடி தேய்க்கவான்னு கேட்டான், அவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டார். அப்பவும் மேல ஆறு, கீழ நாப்பது. திரும்ப விசில்.

பத்தாம் நாள்தான் மேஸ்திரிக்கு மூளை வேலை செஞ்சுது. அது செஞ்சிருக்கவே கூடாது. கீழ நம்பரை இறக்க முடியலன்னா மேல நம்பரை ஏத்திட்டாப் போச்சுன்னார். மறுநாள் எருமையோட வந்து நிக்கறார்.

உங்களைச் சொல்லல சார், எருமையைத்தான் சொல்றேன். பக்கத்துத் தோட்டக்காரரோடது. நாங்க அதுக்கு மேனேஜர்னு பேர் வெச்சோம். எட்டு மணிக்கு வரும், மேல பாட்டில் எடுக்கற இடத்துல போய்ப் படுக்கும், அஞ்சு மணிக்குப் போகும், நடுவுல ஒரு வேலையும் செய்யாது. ஆனா அது வந்த அப்புறம்தான் வேலையே நடந்துச்சு. மேல தொண்ணூறு, கீழ நாப்பத்தஞ்சு. விசில் கிடையாது. மேஸ்திரி நெஞ்சை நிமித்திட்டு, பாருடா, நாம ஓடையைச் சுத்தம் பண்ணி அனுப்பறோம்னார்.

தப்புதான். தப்பில்லன்னு யார் சொன்னா? நான் அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன், இது பித்தலாட்டம்னு. வயசுக்குத் தகுந்த பேச்சுப் பேசுடான்னார். சரின்னு பேச்சை விட்டுட்டேன், எழுதினேன். உங்க ஃபாரத்துல கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, எல்லாரும் கோடு போட்டு விட்டுடுவாங்க. நான் எருமைன்னு எழுதினேன். மணிக்கு ஒரு தடவை. எருமை, எருமை, எருமை. மத்தியானம் ஒரு தடவை மட்டும் எருமை எழுந்து நின்னதுன்னு எழுதினேன், ஏன்னா அந்த நேரம் நம்பர் கொஞ்சம் இறங்கிச்சு. மேஸ்திரி நம்பரை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார். அவருக்குக் கண்ணாடி போட்டாத்தான் எழுத்துத் தெரியும், கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு அர்த்தமாம்.

அதைப் படிச்சிட்டுத்தானே வந்தீங்க? எனக்குத் தெரியும். இத்தனை நாள்ல அந்தக் கட்டத்தைப் படிச்ச மொத ஆளு நீங்கதான். அது பெரிய விஷயம் சார். சும்மா சொல்லல.

எங்க விட்டேன்? ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை வேலை கிடையாது, வண்டி ஓடாது, மேனேஜரும் வராது. வீட்டுல இருந்தா அக்கா துணிக்குத் தண்ணி தெளிக்கச் சொல்லுவா. அதனால நான் பாட்டிலைத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன். மேல ஆறு. கீழ முப்பத்தெட்டு.

புரியுதா? ஒரு ஆளு கல்லைத் தொடல. ஒரு எருமை மூச்சு விடல. அப்ப முப்பத்தெட்டு எங்கேருந்து வந்துச்சு? எனக்குக் கணக்கு வராது, ஆனா கோவம் வரும். இருபது அடிக்கு ஒரு பாட்டில்னு மொண்டுக்கிட்டே ஓடையோட நடந்தேன். நாங்க வேலை செய்யற கரை முடியற வரைக்கும் ஆறு, ஏழு, ஆறு. அதோ அந்தச் சிவப்பு முளைக்குச்சி இருக்கே, அங்க ஏழு. அதைத் தாண்டி இந்த வளைவுக்கு வந்தேன், மடார்னு நாப்பத்தொண்ணு.

இங்கதான் சார். நீங்க நிக்கற இடம்தான்.

கேட்டுச்சா இப்ப? கரை மண்ணு தொப்புன்னு விழுந்த சத்தம். அதுதான். மேல பாத்தா பச்சைப் பசேல்னு புல்லு, அடியில வெறும் பொந்து. தண்ணி அடியை நக்கி நக்கித் தின்னுடுச்சு. மணிக்கு நாலு தடவை இப்படி விழும். அம்மா அதை வெச்சுத்தான் உலையை இறக்கறாங்க.

இதை ஏன் யாரும் கட்டலன்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க. பெர்மிட்டு சிவப்புக் குச்சியோட முடிஞ்சுது. அந்த வரைபடம் மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. அதுல இந்த வளைவே இல்ல, ஓடை நேரா போகுது, நல்ல கரைன்னு எழுதியிருக்கு. எங்க குளியலறைகூட அதுல இருக்கு. அக்கா சொல்லுவா, வரைபடத்துல நாம இன்னும் குளிச்சிட்டுத்தான்டா இருக்கோம்னு.

மேஸ்திரிகிட்டச் சொன்னேன். அவரே வந்து பாத்தார், மொத்தக் கலங்கலும் இங்கேருந்துதான்டான்னு தலையில கை வெச்சுக்கிட்டார். ஆனா குச்சியைத் தாண்டி ஒரு கூழாங்கல்லு வெச்சாலும் பெர்மிட்டு போயிடுமாம். உங்க ஆபீசுக்கு ரெண்டு கடுதாசி போட்டார். ரெண்டு பேர் வந்தாங்க, தனித்தனியா. ரெண்டு பேரும் ஜீப்பை விட்டு இறங்கல. கண்ணாடியை இறக்கி, பச்சையாத்தானே இருக்குன்னு சொல்லிட்டுக் கண்ணாடியை ஏத்திட்டாங்க.

சார், சும்மாத்தானே நிக்கறீங்க, இந்தாங்க இந்தப் பாட்டில். உங்களுக்கு இடது பக்கம், இப்ப மண்ணு விழுந்துச்சே, அங்க கையை நீட்டி மொண்டு குடுங்க. ஆங். மெதுவா. மூடியை நீங்களே போடுங்க, அப்புறம் நான் எச்சில் துப்பினேன்னு சொல்லுவீங்க.

மீட்டரைப் பாருங்க. அறுபத்திரண்டு. உங்க போன் வந்ததால இன்னிக்கு வண்டி ஓடல, மேனேஜரும் லீவு.

உங்க கால் கலக்கினதா இருக்கலாமா? நியாயமான கேள்வி சார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் வந்ததுலேருந்து ஆடாதீங்க ஆடாதீங்கன்னு கத்தறேன்.

அப்ப இதை எழுதிடலாம்ல? குறிப்புக் கட்டத்துல நான் எழுதினா எருமைதான் வரும், நீங்களே எழுதுங்க. இந்தாங்க பேனா. பையை மடியில... மடி இல்ல, சரி, என் முதுகுல வெச்சு எழுதுங்க. கூசுது சார், சீக்கிரம். கரை சரிவு, வளைவு, அவசரம். அவசரத்துக்கு அடியில கோடு போடுங்க. இந்த வளைவையும் சேத்துக் கட்ட உங்களால அனுமதி வாங்கித் தர முடியுமா முடியாதா? பாக்கறேன்னு சொல்லாதீங்க, பாத்துட்டீங்க. முட்டி வரைக்கும் பாத்துட்டீங்க.

பத்து நாளா? சரி. பத்து நாள்னா மழைக்கு முன்னாடி பதினோரு நாள் மிச்சம். டிரைவர்கிட்ட நான் பேசிக்கறேன். எருமையைத் திருப்பி அனுப்பணுமா? தாராளமா. அதுக்கும் வருத்தம் இருக்காது, எங்க படுத்தாலும் அதுக்கு ஒண்ணுதான். அப்ப அந்த நிறுத்தற பேப்பர்? சரி சரி, மடிச்சு உள்ளயே வெச்சிடறேன்.

அக்கா வந்துட்டா. ஏய், மெதுவாப் போடு, அவர் மேல தெறிக்குது. சார், நெஞ்சைக் கதவு மேல வைங்க. தாழ்ப்பாள் குத்தும், பாத்து. இப்ப ஒரு காலை உருவுங்க. அந்தச் சத்தத்துக்கு வெக்கப்படாதீங்க, டிரைவருக்கும் அப்படித்தான் வந்துச்சு. இன்னொரு கால். சாக்ஸும் போச்சா? போகட்டும். தவழுங்க, தவழுங்க. வந்துட்டீங்க.

உக்காருங்க, அக்கா கால் கழுவத் தண்ணி கொண்டு வருவா.

என்ன கேட்டீங்க? இங்க வர்றதுக்கு வேற வழியே இல்லையாவா? ஏன் இல்ல, இருக்கு. அதோ மேல, சிமெண்ட் போட்ட பாதை. நேரா கொண்டுபோய் மேஸ்திரி கொட்டகையில விடும். அங்க உங்களுக்காக நாற்காலி துடைச்சுப் போட்டிருக்கார், ஃபேன் கூட வெச்சிருக்கார். காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான் சொன்னார் சார், ஆபீசர் வந்ததும் அந்தப் பாதையில கூட்டிட்டு வாடா, ஷூவுல ஒரு பொட்டு சேறு படக் கூடாதுன்னு. நான்தான் கூட்டிட்டுப் போகல.