மாளிகையிலிருந்து மாட்டுப் பண்ணைக்குத் திரும்பும் மாண்புமிகு லேசியா ஹவ்ரிலுக் அம்மையாருக்கு

மாட்சிமை தங்கிய மன்னரின் பெயரால் இம்மாகாணத்தின் மாண்பை ஐந்தாண்டுகள் தோளில் தாங்கியவரே! கோதுமை வெளிகளின் குளிர்காற்றில் வளர்ந்து, கால்நடைகளின் காவலராய்க் கடுங்குளிரிலும் கொட்டில் கொட்டிலாய் நடந்து, கம்பளம் விரித்த கூடத்துக்குள்ளும் காலணியில் வைக்கோலோடு வந்த கண்ணியமே! பதவியின் பகட்டுக்குப் பணியாத பண்பே! எங்கள் துணைநிலை ஆளுநரே! எங்கள் அம்மையே!

ஆளுநர் மாளிகைப் பணியாளர்கள் அனைவரின் அன்பு வணக்கம்.

புகழ்மொழி கேட்டால் எழுந்து போய்விடும் பழக்கம் தங்களுக்கு உண்டு என்பதை அறிவோம். அதனால்தான் தங்கள் ராணுவ உதவியாளர் கேப்டன் பெல்லமியைக் கதவருகே நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த மடலைப் படித்து முடிக்கும்வரை அவர் தங்கள் ஆணைக்குக் கட்டுப்பட மாட்டார். பொறுத்தருள்க!

தாங்கள் இம்மாளிகைக்குள் நுழைந்த முதல் நாள் எங்கள் கண்முன் நிற்கிறது. தனிச் செயலாளர் ஜெரால்ட் தீசன் காலை முழுதும் அமர்ந்து, ஆளுநரின் கடமைகளை ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினார். தாங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வினவினீர்கள்:

“அப்போ, நான் படிக்கிறது எல்லாம் வேற யாரோ எழுதினது. நான் கையெழுத்து போடறது எல்லாம் வேற யாரோ முடிவு பண்ணினது. சரிதானே?”

“ஏறக்குறைய சரி, மேடம்.”

“எனக்குன்னு ஏதாவது மிச்சம் இருக்கா?”

“இருக்கு மேடம். முதல்வர் உங்களைக் கலந்து பேசணும். நீங்க அவருக்கு ஊக்கம் கொடுக்கலாம். எச்சரிக்கையும் பண்ணலாம்.”

“நான் மாட்டு டாக்டரா இருந்தப்பவும் இதைத்தானே பண்ணிட்டிருந்தேன்! கேக்கறவங்க கேப்பாங்க. கேக்காதவங்க மாட்டை வித்துடுவாங்க.”

தீசன் சிரித்தார். இந்த மாளிகையில் அவர் வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பட்டமும் பதக்கமும் தரும் பணியைத் தாங்கள் பகட்டாகக் கருதவில்லை. பனிச்சறுக்குத் திடல் திறக்கும் சிற்றூருக்கும், நூறு வயது கண்ட மூதாட்டியின் சமையலறைக்கும், வடக்கே ஏரிக்கரையில் வாழும் பூர்வகுடி மக்களின் கூட்டத்துக்கும் அதே ஆவலோடு சென்றீர்கள். மன்னர் சார்பில் கை குலுக்கிவிட்டு, தங்கள் சார்பில் ‘மாடு எப்படி இருக்கு?’ என்று கேட்டீர்கள். மாடே இல்லாத நகரத்து வங்கி அதிகாரியிடமும் ஒருமுறை பழக்கத்தில் அப்படிக் கேட்டுவிட்டீர்கள். அவரும் குழம்பிப்போய், நன்றாக இருக்கிறது என்றார்.

இவையெல்லாம் இனிய நினைவுகள். ஆனால் ஆளுநர் பதவி என்பது என்ன என்பதைத் தாங்கள் எங்களுக்கு உணர்த்தியது வேறொரு நிகழ்வில். அதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் நாங்கள் நன்றி மறந்தவர்கள் ஆவோம்.

இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சட்டமன்றத்தைத் தொடங்கிவைக்கும் உரை அரசிடமிருந்து தங்கள் மேசைக்கு வந்தது. ‘எனது அரசு’ என்று தொடங்கும் அவ்வுரையில் ஒரு காற்புள்ளிகூடத் தங்களுடையது அன்று. அதன் நடுவில், மெடோலார்க் பள்ளத்தாக்கில் அணை கட்டி, தெற்குச் சீமையின் வறண்ட வயல்களுக்கு நீர் கொண்டுபோகும் திட்டம் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் தாங்கள் பிறந்தீர்கள். தங்கள் அண்ணன் ஒஸ்டாப் ஹவ்ரிலுக் அங்கேதான் மாடு வளர்த்துவந்தார். நிலத்தில் தங்களுக்கு இருந்த பங்கைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். மனத்தில் இருந்த பங்கை எழுதிக் கொடுக்க முடியுமா?

தாங்கள் அவ்வுரையை அவையில் படித்தீர்கள். பிறந்த ஊரின் பெயர் வந்த இடத்தில் குரல் இடறவில்லை.

அணைச் சட்டம் அவையில் நிறைவேறிய வாரம், ஒஸ்டாப் மாளிகைக்கு வந்தார். பட்டு உறையிட்ட நாற்காலியில் உட்கார மறுத்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். தேநீர் கொண்டுபோன எங்கள் சமையற்காரர் இமெல்டா, திரும்பி வரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தட்டோடு தவித்தார்.

“நீ சரின்னு சொல்லாம அது சட்டம் ஆகாதாமே. நிஜமா?”

“நிஜம்தான் அண்ணே.”

“அப்புறம் என்ன? சொல்லாதே.”

“சொல்றது நான் இல்ல, மன்னர். அவரே இங்க வந்து உக்காந்தாலும் மறுக்க முடியாது. ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் யார்கிட்டயும் ஓட்டு வாங்கல.”

“நம்ம வீட்டுக் கூரைக்கு மேல தண்ணி நிக்கப் போகுது. நீ எனக்குப் பாடம் நடத்தற!”

“இன்னிக்கு அண்ணனுக்காக நான் மறுத்தா, நாளைக்கு இந்த நாற்காலில ஒருத்தர் வந்து மச்சானுக்காக மறுப்பார். அப்ப நீ என்ன சொல்லுவ?”

“நான் என்னத்தைச் சொல்றது? தண்ணிக்கு அடியில இல்ல கிடப்பேன்!”

அவர் தேநீரைத் தொடவில்லை.

மறுநாள் முதல்வர் வந்தார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதே முறை. முதல்வர் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது என்பதை மட்டும் கண்டோம். அதன்பின் சில நாள்களில், பள்ளத்தாக்கு மக்களுக்கு மேட்டுப் புறம்போக்கில் மேய்ச்சல் உரிமை தரப்படும் என்றும், அவர்கள் குடிபெயர இன்னும் கூடுதல் அவகாசம் உண்டு என்றும் அரசு அறிவித்தது. அது தங்களாலா என்று யாரேனும் கேட்டால், தாங்கள் உடனே வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவீர்கள்.

ஒப்புதல் நாள் நெருங்கியபோது, தீசன் தங்கள் மீதுள்ள அன்பால் ஒரு வழி சொன்னார்.

“அன்னிக்கு வடக்கே ஒரு பயணம் வெச்சுக்குங்க மேடம். நீங்க ஊர்ல இல்லன்னா தலைமை நீதிபதி உங்க இடத்துல உக்காந்து ஒப்புதல் கொடுத்துடுவார். விதியிலயே இடம் இருக்கு. யாரும் தப்பா பேச மாட்டாங்க.”

தாங்கள் ஏற்கவில்லை.

“இதுக்கு முன்னால எத்தனையோ சட்டத்துக்குத் தலையாட்டினேன், ஜெரால்ட். ஒவ்வொண்ணும் யாருக்காவது வலிச்சிருக்கும். அப்பல்லாம் நான் பயணம் போகல. எனக்கு வலிக்கும்போது மட்டும் எப்படிப் போறது?”

ஒப்புதல் நாளன்று, சட்டமன்றச் செயலர் சட்டங்களின் பெயர்களை அவையில் வாசித்தார். பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் ஒஸ்டாப் அமர்ந்திருந்தார். அணைச் சட்டத்தின் பெயர் ஒலித்ததும், அவையிலிருந்தோர் பலர் தரையைப் பார்த்தார்கள். தாங்கள் தரையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, அண்ணனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துத் தலையசைத்தீர்கள். மன்னரின் பெயரால் ஒப்புதல் தரப்பட்டதாகச் செயலர் அறிவித்தார். ஒஸ்டாப் எழுந்து வெளியேறினார்.

அன்று மாலையே சாரணச் சிறுமியருக்குப் பதக்கம் அணிவிக்கும் விழா இருந்தது. தாங்கள் அதைத் தள்ளிப்போடவில்லை. ஒவ்வொரு சிறுமியிடமும் பெயர் கேட்டீர்கள், பேசினீர்கள், சிரித்தீர்கள். ஒரே ஒருத்திக்கு மட்டும் பதக்கத்தைத் தலைகீழாகக் குத்திவிட்டீர்கள். அவள் அம்மா திருத்த வந்தபோது, ஆளுநர் குத்தியது அப்படியே இருக்கட்டும் என்று அடம்பிடித்து, அப்படியே வீட்டுக்குப் போனாள் அந்தப் பொல்லாத குட்டி!

அதன்பின் தங்கள் அழைப்புகளை ஒஸ்டாப் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வழக்கம்போலப் போனீர்கள். பண்ணைக் கதவு பூட்டியிருந்தது. அண்ணி டார்லீன் பனியில் கால் புதைய நடந்து வந்து, பெரோகிக் கொழுக்கட்டைகளை வேலிக்கு மேலாக நீட்டினார். “அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? உங்க குடும்பத்துச் சொத்துதானே அது!” என்று அழுதுகொண்டே சிரித்தார். காரோட்டி வந்த கேப்டன் பெல்லமிக்கும் அதில் பங்கு கிடைத்தது. அவர் அதை மறக்கவில்லை.

அடுத்த மார்ச் மாதம், தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு மாளிகையில் தேநீர் விருந்து நடந்துகொண்டிருந்தது. டார்லீன் தொலைபேசியில் அழைத்தார். ஒரு பசு காலையிலிருந்து ஈன முடியாமல் துடிக்கிறது, கன்று புரண்டு கிடக்கிறது, வட்டார மருத்துவர் பனிப்புயலுக்கு அப்பால் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். தாங்கள் கூடத்தின் நடுவே நின்று விருந்தினர்களிடமே விடை கேட்டீர்கள். தீயணைப்புப் படைத் தலைவர் எழுந்து, “போங்க மேடம், அவசரம்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? கேக்கை நாங்க பாத்துக்கறோம்!” என்றார். அதையும் மிச்சமின்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

விருந்து உடையோடும் முத்துமாலையோடும் தாங்கள் கொட்டிலுக்குள் நுழைந்தீர்கள். பின்னாலேயே முழுச் சீருடையில் கேப்டன். அங்கு நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

“உன்னை யார் கூப்பிட்டது?” என்றார் ஒஸ்டாப்.

“உன் மாடு.”

“கொடி கட்டின கார்ல வந்து இறங்கிட்டா…”

“கொடியை அப்புறம் திட்டு. வெந்நீர் எங்க?”

மாலையைக் கழற்றிக் கேப்டனின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தோள்வரை சோப்பு பூசிக்கொண்டு மண்டியிட்டீர்கள். கன்று வால்புறமாய் வந்து, பின்னங்கால்கள் உள்ளே மடங்கிக் கிடந்தது. அதை உள்ளே தள்ளி, குளம்பு கருப்பையைக் கிழிக்காதபடி உள்ளங்கையால் பொத்தி, ஒவ்வொரு காலாக நேராக்கிக் கயிறு மாட்டினீர்கள்.

“கேப்டன், இழுங்க. அவ முக்கும்போது மட்டும் இழுக்கணும்.”

“எஸ் மேடம்!”

“சல்யூட் எல்லாம் வேணாம். கயிறை விட்டுடாதீங்க!”

ஒஸ்டாப்பும் கயிற்றைப் பிடித்தார். கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. தாங்கள் அதன் மூக்கை வழித்து, வைக்கோல் நுனியை நாசிக்குள் விட்டு, விலாவைத் தேய்த்தீர்கள். பிறகு அது தும்மியது. தும்மியதும் கேப்டன் பெல்லமி அழுதார். இதை எழுதக் கூடாது என்று அவர் கெஞ்சினார், எழுதிவிட்டோம்.

ஒஸ்டாப் தம் மேலங்கியைக் கழற்றி, நனைந்து நடுங்கிய தங்கள் தோளில் போட்டார்.

“பீட்ரூட் சூப் இருக்கு. ஆறிடப் போகுது, வா,” என்று முன்னால் நடந்தார்.

கடந்த கோடையில் அணை நிறைவுற்றது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட வருமாறு தங்களை அழைத்தார்கள். தாங்கள் தீசனிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

“இது கடமையா, மரியாதையா?”

“மரியாதைதான் மேடம். போயே ஆகணும்னு சட்டம் இல்ல.”

“அப்ப அன்னிக்கு எனக்கு லீவு போட்டுடுங்க. குடும்ப விஷயம்.”

கீழே இசைக்குழு முழங்கிய அந்த நேரத்தில், தாங்கள் பழைய கோட்டும் ரப்பர் காலணியுமாய், பள்ளத்தாக்கு மக்களோடு மேட்டில் நின்றீர்கள். கொடியில்லாத தம் சொந்த வண்டியில் அழைத்துச் சென்ற கேப்டன் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். நீர் வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. ஒஸ்டாப்பின் பழைய கொட்டிலின் அடித்தளத்தைத் தொட்டபோது டார்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒஸ்டாப் தங்கள் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு நீ வராம, வேற யாரோ தலையாட்டியிருந்தா, திட்டறதுக்குக்கூட எனக்கு ஒரு ஆள் இருந்திருக்காது.”

“இன்னும் திட்டணுமா?”

“இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பாக்கலாம்.”

தாங்கள் அவர் கையைக் கோத்துக்கொண்டீர்கள். அவர் விலக்கவில்லை.

அம்மையே! அதிகாரம் இல்லாத நாற்காலி என்று இந்தப் பதவியைச் சிலர் ஏளனம் செய்வார்கள். மறுக்க முடியாத இடத்தில் மறைந்துகொள்ளாமல் நிற்பதும், மறுக்கக் கூடிய இடத்தில் மனிதர்களின் பக்கம் நிற்பதும், இரண்டையும் ஆரவாரமின்றிச் செய்வதும் எளிதா? ஐந்தாண்டுகள் அருகிருந்து பார்த்த எங்களுக்குத் தெரியும். தெற்கே இவ்வாண்டு வயல்கள் பச்சையாய் நிற்கின்றன. வீடுகள் இருந்த மெடோலார்க்கில் இப்போது நீருக்கு மேல் மீன்கொத்திகள் பறக்கின்றன. இரண்டையும் தாங்கள் ஒரே மூச்சில் சொல்வீர்கள்; ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க மாட்டீர்கள்.

கண்ணில் ஒளியும், கையில் வலுவும், கால்மூட்டில் வலியின்மையும் குறைவின்றிப் பெற்று, தாங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ்க! அண்ணனோடு சண்டையிட ஆண்டுகள் பல அருளப்படுக! இமெல்டாவின் கையால் சாப்பிட அடிக்கடி வருக. வாசற்கதவு வழியே அன்று, சமையலறைக் கதவு வழியே!

நாளை மறுநாள் புதிய ஆளுநர் பதவியேற்கிறார். மேட்டு நிலத்தில் ஒஸ்டாப் எழுப்பியிருக்கும் கொட்டிலில் சினைப் பசுக்கள் தங்களுக்காகக் காத்திருக்கின்றன. மன்னர் யார் என்று அவற்றுக்குத் தெரியாது. தங்கள் குரலைக் கேட்டால் மட்டும் தலையைத் திருப்பும்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
ஆளுநர் மாளிகைப் பணியாளர்கள்