காலி பண்ணச் சொல்ல வந்தவள்

— ரிப்பேர் பண்ணிக் குடுன்னு தானேம்மா நான் கேட்டேன்? நீ வந்ததும் வராததுமா வாசல்லயே நின்னுக்கினு காலி பண்ணு, காலி பண்ணுன்னா இன்னா அர்த்தம்?

— உள்ள வந்து ஒக்காந்தா மனசு எளகிடும் வளரு. அதான் வெயில்லயே நிக்கிறேன்.

— நல்லாருக்குது போ. வூட்டுக்காரம்மா செசிலிய வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பினா இந்த வளர்மதின்னு தோணிரேவு ஊரு பூரா பேசும். உள்ள வா. பொன்னேரிலருந்து பஸ்ல நின்னுக்கினே வந்திருப்பே. செருப்போடவே வா, தரையெல்லாம் காரை கெடக்குது, காலைக் குத்தும்.

— மாதாவே! இன்னாடி இது? கூடத்து நடுவுல சவுக்கு மரத்த நட்டு வெச்சிருக்கே?

— நட்டு வெக்கலம்மா, முட்டுக் குடுத்திருக்குது. பழவேற்காட்டுல சென்ட்ரிங் போடற ஆளு ஒருத்தன்கிட்ட கெஞ்சி வாங்கி, என் வூட்டுக்காரரு படகுலயே ஏத்திக்கினு வந்தாரு. இந்தக் கட்டைங்க இல்லன்னா மேல இருக்கறது எப்பவோ கீழ வந்திருக்கும்.

— கம்பியெல்லாம் வெளிய தெரியுது.

— கம்பியா அது? வெறும் துரு. வெரலால தொட்டா பொடிப்பொடியா கொட்டுது. ஏரியோட உப்புக் காத்து உள்ளயே பூந்து தின்னுடுச்சு. போன மழைக்கு வூட்டுல இருக்கற குண்டான் சட்டியெல்லாம் தண்ணி புடிக்கத்தான் வெச்சேன். சமைக்க ஒன்னும் மிச்சமில்ல.

— எங்க வூட்டுக்காரரு இத்த கட்டும்போதே நல்ல தண்ணி கெடைக்கல. கெணத்துத் தண்ணிய ஊத்தித்தான் சிமெண்டு கலந்தாங்க. உப்புத் தண்ணில கட்டினா நிக்காது ஐயான்னு மேஸ்திரி சொன்னான். என் தலைமுறைக்கு நிக்கும் போடான்னாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு.

— அவரு போய்ச் சேந்துட்டாரு. இருக்கறது நாங்க. நான் எத்தினி வாட்டி போன் பண்ணேன்? ஒவ்வொரு வாட்டியும் உன் புள்ள ஹேமந்துதான் எடுக்கறாரு. பாக்கறேங்க, ஆள அனுப்பறேங்கன்னு மரியாதையாத்தான் பேசறாரு. ஆள்தான் வந்த பாடில்ல.

— அவன் யாரையும் திட்ட மாட்டான். எதையும் காதுல வாங்கவும் மாட்டான்.

— நீயாவது ஒரு வார்த்த பேசியிருக்கலாமில்ல?

— போனு அவன்கிட்டதானே இருக்குது. சரி, அத்த வுடு. நான் சொல்றத கேளு. பொன்னேரி கோர்ட்டு எதிர்ல ஒரு வக்கீலம்மா இருக்காங்க, அவங்களப் போய்ப் பாத்தேன். வாடகைக்கு வுட்டா எழுத்துல போட்டுப் பதிவு பண்ணணுமாம். பண்ணலன்னா, அதையே காரணம் காட்டிக் காலி பண்ணக் கேக்கலாமாம். இடிச்சுக் கட்டணும்னாலும் கேக்கலாமாம்.

— எழுத்துல வேணாம்னது யாரும்மா? நாங்க குடி வந்தன்னிக்கு, பத்திரம் வாங்கியாரட்டுமான்னு என் வூட்டுக்காரரு கேட்டாரா இல்லியா? மாதா பாத்துக்கினு இருக்கா, வாய் வார்த்த போதும்னு நீதானே சொன்னே?

— நான்தான் சொன்னேன். உன்மேல தப்பு இல்ல வளரு. சட்டம் அப்படி இருக்குதுன்னு சொல்றேன்.

— சட்டம் எனக்கும் ஒன்னு வெச்சிருக்கும். எங்க மகளிர் குழுவுக்கு ஒரு மேடம் வந்து சொன்னாங்க. கூரை, செவுரு பழுதானா வூட்டுக்காரங்கதான் பாத்துத் தரணும், கரண்ட்டு தண்ணிய நிறுத்தக் கூடாதுன்னு.

— நான் நிறுத்துவேனாடி?

— நீ மாட்டே. உன் புள்ள நிறுத்தினா? மீட்டரு இன்னும் செத்துப் போன உன் வூட்டுக்காரரு அந்தோணிசாமி ஐயா பேர்லயே ஓடிக்கினு இருக்குது. ஈபி ஆளு வந்து பேர மாத்துங்கன்றான். வீட்டு வரி ரசீது எடுங்கன்றான். என்கிட்ட ஏது அதெல்லாம்?

— எல்லாத்தையும் ஹேமந்து மாத்திக்கினு இருக்கான். வாரிசு சான்றிதழ் வாங்கிட்டான். வரியும் மாத்தியாச்சு.

— அவ்ளோ அலையறவரு ஒரு கொத்தனார அனுப்பக் கூடாதா? கம்பிய மாத்தி ஒரு பூச்சு பூசினா நாலு வருஷம் ஓட்டலாமே.

— பூசிப் பிரயோஜனம் இல்லன்னு இன்ஜினியரு சொல்லிட்டானாம். மொத்தமா ஒடைக்கணுமாம். ஆளுங்க இருக்கும்போது எப்படி ஒடைக்கிறது? இது வுழுந்து யாருக்காவது இன்னாவது ஆச்சின்னா வூட்டுக்காரங்க மேலதான் கேஸாம்.

— ஓகோ. என் பொண்ணு சுதா தலைல வுழுந்தா உங்களுக்குக் கேஸு வரும். அதான் பயம்.

— அப்படிப் பேசாதடி.

— வேற எப்படிப் பேசச் சொல்ற? இந்த ஊர்ல வாடகைக்கு வூடு எங்க இருக்குது, காட்டு. பழவேற்காட்டுல கேட்டா வலை நாத்தம் வரும்றான். காட்டுப்பள்ளிப் பக்கம் போனா, துறைமுகத்துல வேல செய்யற பசங்க கும்பல் கும்பலா ரூம்ப எடுத்துக்கினு இருக்காங்க, குடும்பம்னா மொகத்தத் திருப்பிக்கறான். பொன்னேரிக்கே வந்துடறோம்னு வெச்சுக்கோ. விடியங்காட்டி ஏரிக்கு யாரு வர்றது? அங்க ஒண்டுக் குடித்தனத்துல நண்டு வலைய எங்க காயப் போடறது?

— எனக்குத் தெரியாதா? நானும் வலை காயப் போட்டவதான்.

— தெரிஞ்சுக்கினே பேஜார் பண்றியே, அதான் எரிச்சலா இருக்குது. நான் போவ மாட்டேம்மா. போலீசு வரட்டும், கோர்ட்டு வரட்டும். நான் இங்கதான் இருப்பேன்.

— ஹேமந்து வந்து நின்னா?

— யாரு வந்து நின்னாலும் இதேதான்.

— அவன் அமைதியாப் பேசுவான். கைய கட்டிக்கினு பேசுவான். அப்பவும் இப்படியே சொல்லுவியா?

— சொல்லுவேன். இன்னாம்மா நீ, ஒரு மாதிரியாப் பேசற? சொல்லுவேன்னா சந்தோஷப்படற மாதிரி இருக்குது.

— சந்தோஷமா? ஒன்னுமில்ல. வயசாச்சி, இன்னா பேசறோம்னே தெரியல. அதோ, அந்த ஆணியப் பாத்தியா? நாங்க இங்க இருந்தப்ப எங்க வூட்டுக்காரரு அதுலதான் சட்டைய மாட்டுவாரு. இன்னும் புடுங்காம வெச்சிருக்கே.

— அங்க போவாத! அந்த மூலைக்கு நாங்களே போறதில்ல. செசிலிம்மா, சொல்றேனில்ல! நவுரு! இந்தப் பக்கம் வா! அய்யோ—

— ஏசப்பா!

— அசையாத. கண்ணத் தொறக்காத, தூசி. அப்படியே என்னப் புடிச்சுக்கோ. ரத்தம் வருது. இரு, துணி... தலைய சாய்ச்சுக்கோ.

— எனக்கு ஒன்னும் இல்லடி. லேசாத்தான் ஒரசிச்சு. நீ எங்க பாக்கற?

— அங்க, கட்டைக்கு அந்தப் பக்கம் பாரும்மா. பாய் மேல.

— அவ்ளோ பெரிய கான்கிரீட்டுச் சில்லா அங்கயும் வுழுந்துச்சு?

— முட்டுக்குக் கீழ பத்திரம்னு அங்கதான் சுதாவப் படுக்க வெக்கறோம். காய்ச்சல்னு காலைல வரைக்கும் அந்தப் பாய்லதான் சுருண்டு கெடந்தா. இன்னிக்குப் பரீட்ச, போய் எழுதிட்டு வந்து படுத்துக்கோன்னு நான்தான் தொரத்தி அனுப்பினேன். போவ மாட்டேன்னு அழுதாம்மா அவ. நான் திட்டித்தான் அனுப்பினேன்.

— அனுப்பிட்டே இல்ல. புள்ள பத்திரமா பள்ளிக்கொடத்துல இருக்குது. அழாத.

— போதும்மா. நாங்க போறோம்.

— எங்க?

— எங்க நைனா ஊருக்கு. ஆந்திரா பக்கம் ஒரு ஓலைக் குடிசைதான். ஓலை வுழுந்தா யாரும் சாவ மாட்டாங்க. இந்த மனுஷன் யாரு படகுலயாவது கூலிக்குப் போவட்டும். அவரு வந்ததும் சாமானக் கட்டிடறேன். நாளைக்கே சாவிய வாங்கிக்கோ.

— வளரு...

— இதத்தானே கேட்டு வந்தே? அப்புறம் ஏம்மா என் கையப் புடிச்சுக்கினு வுட மாட்டேங்கற?

— நீ மாட்டேன்னு சொல்லுவேன்னுதான் வந்தேன்.

— இன்னா சொல்ற? புரியல.

— ஹேமந்துதான் அனுப்பினான். நீ போய்ச் சொன்னா கேப்பாங்கம்மான்னான். நீ சண்ட புடிப்பே, அந்த வளர்மதி அசைய மாட்டேங்கறாடான்னு போய்ச் சொல்லிடலாம்னு இருந்தேன். நல்லாத்தானே சண்ட புடிச்சே.

— வூட்ட ஒடைச்சுக் கட்டப் போறதாதானே சொன்னே?

— யாரு கட்டறாங்க? வரி, மீட்டரு எல்லாம் ஒரே பேர்ல இருந்தா சுலபம்னு பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கினு போனான். காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் வக்கீலம்மா படிச்சுச் சொன்னாங்க, நான் தானமா எழுதிக் குடுத்துட்டேன்னு. எங்க வூட்டுக்காரரு என் பேருக்கு எழுதி வெச்சுட்டுப் போன வூடுடி.

— அப்ப இது இப்ப ஹேமந்து பேர்லயா இருக்குது?

— ஆமா. வாங்கறதுக்கு ஆளும் பாத்து வெச்சிருக்கான். குடித்தனம் இருக்கற வரைக்கும் வாங்க மாட்டோம்னு அவங்க சொல்லிட்டாங்களாம்.

— பத்திரத்த ரத்து பண்ண முடியாதாம்மா?

— புள்ள என்னைக் கவனிக்கலன்னு சப்-கலெக்டருக்கு மனு குடுத்தாப் பண்ணலாமாம். சோறு போடறானே வளரு. மாத்திர வாங்கித் தரானே. இன்னான்னு எழுதுவேன்? ராத்திரி தூக்கம் வரல, பொன்னேரில அவன் வூட்டு ஜன்னலத் தொறந்தா செவுருதான் தெரியுதுன்னு எழுதவா? என்னிக்காவது இங்கயே திரும்பி வந்துடலாம்னு நெனச்சுக்கினு இருந்தேன்னு எழுதவா?

— அய்யோ, என்கிட்ட இத்தச் சொன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்? நீயே பாத்தியே. இந்தக் கூரைக்குக் கீழ புள்ளய எப்படிப் படுக்க வெப்பேன்?

— வெக்க முடியாதுதான். எனக்கும் புள்ள இருக்குது, எனக்கும் தெரியுது. கேக்கறது பாவம்னும் தெரியுது. ஆனா போவாத வளரு. நீ இருக்கற வரைக்கும்தான் இது என் வூடு.