பட்டப்பேருக்கு ஒரு கட்டம்

ஈப்போவிலிருந்து பீடோர் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் நரை விழுந்த இரண்டு பெண்கள். விற்றுப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“பட்டப்பேருக்கு ஒரு கட்டம் போட்டேன்க்கா. அப்புறந்தான் ஆளுங்க கிடைச்சாங்க,” என்று இளையவள் கைப்பேசியைக் காட்டினாள்.

“நீயா செஞ்ச? கம்ப்யூட்டர் படிக்கலையே நீ.”

“படிக்காதவங்களும் செய்யலாம்லா. புந்தோங் கோயில் மண்டபத்துல சொல்லிக் கொடுத்தாங்க. நம்ம தோட்டத்து ஆளுங்கள சேர்த்து வைக்க ஒரு ஆப். மொதல்ல பேரு, ஊரு, போன் நம்பர் மட்டும்தான் இருந்துச்சு. சரஸ்வதின்னு தேடினா எத்தனையோ பேரு வாராங்க. நம்ம சரஸ்வதிய யாரு அப்படிக் கூப்பிட்டா?”

“குருவி,” என்று மூத்தவள் சிரித்தாள். “ரப்பர் பால் வெட்டப் போறப்பவும் பாடிக்கிட்டே போவா.”

“அதான் பட்டப்பேருக்கும் ஒரு கட்டம் நானே சேர்த்துட்டேன். பீடோர்லேருந்து அவ மக அம்மா பேரப் போட்டு, அந்தக் கட்டத்துல குருவின்னு எழுதியிருந்தா.”

“குருவிகிட்ட பேசினியா?”

“நேத்து பேசினேன். ‘நான் உயிரோட இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?’னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியாதுடி, தெரியாமதான் தேடினேன்னு சொன்னேன்.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காம்பார் தாண்டியதும், “பீடோர்ல எறங்கினதும் அவள ஒரு பாட்டுப் பாடச் சொல்லணும்,” என்றாள்.