செம்மண் மேட்டுக் கரையை வெட்டியது

எனக்குச் சர்க்கரை போடாத டீதான் பிடிக்கும் ஐயா. அதை நினைவில் வைத்து வாங்கி வந்தவர் செம்மல் சார் ஒருவர்தான்.

கோரிமேட்டுக்கு அப்பால் இருக்கும் அந்தச் செம்மண் மேட்டுக்கு நான் காவல். டவுனில் சாரம் பகுதியில் இருக்கும் முதலாளி அதைக் குத்தகைக்கு விட நினைத்தார். எடுக்க வந்தவர்கள், மழைத்தண்ணீர் மண்ணை எவ்வளவு அரிக்கிறது என்று ஒரு மழைக்காலம் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றார்கள். அதைப் பார்க்க அனுப்பப்பட்டவர்தான் செம்மல் சார். சரிவில் இருபது இரும்புக் கம்பிகளைத் தரைமட்டத்துக்கு அடித்தார். மண் கரைந்தால் கம்பி வெளியே தெரியும். மழை விட்டதும் நான் அளந்து எழுத வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்துக்குக் கிடைத்த முதல் வேலை அது.

வெள்ளிக்கிழமைதோறும் வந்து அரைமணி நேரம் பேசுவார். மற்ற நாளில் பேச்சுத்துணை கிடையாது. மேட்டுக்குக் கீழே குடிசை போட்டிருந்த மணியம்மாள் மட்டும் குடத்தோடு போகும்போது, "இன்னா கன்னியப்பா, பொண்ணு ஊட்டுக்காரங்க வர்ற மாதிரி ரோட்டையே பாத்துனு நிக்கிற?" என்பாள். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

ஐப்பசியில் மண் அசையவில்லை. மேலே குறுக்கே போட்டிருந்த கரை தண்ணீரைத் தேக்கிவிட்டது. நான் கம்பிகளைச் சுற்றி விரலால் கொஞ்சம் பறித்து வைத்தேன். சார் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"எலி எதனா தோண்டுதா பெரியவரே? தண்ணி அரிச்சா பள்ளம் ஒரு பக்கமா இழுக்குமே. மண்ணு நல்லா இருக்கு. வர்ற வெள்ளியோட முடிச்சிக்கிறேன்."

தண்ணீர்தான் அரிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

அந்த வாரம் இரண்டு நாள் விடாத மழை. கரைக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீர். புதன்கிழமை மத்தியானம் மண்வெட்டியால் ஒரு முழ அகலம் வெட்டினேன். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது. கீழே மணியம்மாள் கூரையில் அடுப்புப் புகை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டிருந்தால் ஏன் வெட்டினாய் என்று கேட்பாள். சாரிடமும் சொல்வாள். கூப்பிடவில்லை.

சாயங்காலம் அவளைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். நான் கம்பிகளை அளந்தேன். இருபதில் பதினொன்று காணோம். மற்றதை எழுதி வைத்தேன்.

செம்மல் சார் மறுநாளே வந்துவிட்டார், வெள்ளிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பொழுது சாயும்வரை இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு அன்றைக்கு அவ்வளவு வேலை.