சுத்தியலுக்குக் கேட்ட பம்ளிமாஸ்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், எனக்கு எதிர் பெஞ்சில் ஒரு புருஷனும் பெண்சாதியும். காக்கிச் சட்டை போட்ட அவர், மடியிலிருந்த பம்ளிமாஸ் பழத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"அறுக்கவே வேணாம் புள்ள. ரயில் சக்கரத்துல விரிசல் இருக்கான்னு தட்டியே சொல்றவன் நான். இதுல சத்தம் சுத்தமா இருக்கு. உள்ள சாறு தளும்புது!"

பெட்டியே சிரித்தது. பின்னாலிருந்த ஒருவர் தம்முடைய பழத்தையும் நீட்டினார்.

அந்த அம்மாள் தோலைப் பிய்த்தார். சுளையெல்லாம் வறண்டு பஞ்சாகக் கிடந்தது. சிரிப்பு இன்னும் பலத்தது.

"ஏங்க, காலையில இந்த ரயிலோட சக்கரத்தையும் நீங்கதானே தட்டிப் பார்த்தீங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் மெல்லக் குனிந்து, கீழே ஓடும் சக்கரத்தின் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.