வாய் திறவாத ஆட்டம்

பைன் காட்டுக்குள் காலையில் நடப்பது உடம்புக்கு மிகவும் நல்லது. வயது போனவர்களுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். காலடியைப் பார்த்து நடந்தால் போதும். காய்ந்த பைன் இலைகள் ஊசி ஊசியாக உதிர்ந்து கிடக்கும். பார்த்தால் மெத்தை, மிதித்தால் வழுக்கும் சவர்க்காரம். சைப்பிரசில் போய் இறங்கிய மறுநாளே எனக்கு இது தெரிந்துவிட்டது. காப்புறுதிக் கம்பனியில் விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நான். ஓர் இடத்துக்குப் போனால் அங்கே எவன் எப்படி விழுவான் என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

பெயர் இராசரத்தினம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், நானும் மனைவி வதனியும் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே பேசவேண்டியதில்லை.

பேசவேண்டியது என் நாக்கைப் பற்றி. எனக்குப் பொல்லாத நாவூறு என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை. நான் எதைப் பாராட்டினாலும் அது விளங்காதாம். எங்கள் மாடிக்குப் புது லிஃப்ட் போட்டபோது, "சத்தமே இல்லை, அருமை" என்று சொன்னேன். அன்று பின்னேரமே அது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது, உள்ளே குடியிருப்புச் சங்கச் செயலாளரோடு. கீழ்வீட்டு ஹுசைன் ஒருகொடவத்தைக் கார்ச் சந்தையில் பார்த்துப் பார்த்து ஒரு கார் எடுத்துவந்தார். வடிவான கார் என்றேன். காலி வீதிப் பெருந்தெருவில் ஏற முன்னமே பஸ் ஒன்று அதன் கதவை வழித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவர், "மாஷா அல்லாஹ் சொல்லிட்டுப் பேசுங்க, அய்யா" என்பார். பகிடியாகத்தான் சொல்வார், ஆனால் காரை மறைத்துக்கொண்டு நிற்பார்.

நாவூறு என்பது சுத்த மூடநம்பிக்கை. லிஃப்டுக்குக் காதில்லை. ஆனாலும் உறவுக்காரர் ஒருவருடைய கலியாணத்தில் "நல்ல பொருத்தமான சோடி" என்று நான் சொல்லப்போய், அந்தச் சோடி வருடம் திரும்புமுன் பிரிந்துவிட்டது. அன்றிலிருந்து கலியாண வீடுகளில் எனக்குக் கடைசி வரிசை. பன்னீர்ச் செம்பைக்கூட என் கையில் தரமாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பின்வரிசையில் காற்று நன்றாக வரும்.

என் சகலன் சிவபாதசுந்தரம், வதனியின் அக்கா கமலினியின் கணவர், கிருலப்பனையில் இருக்கிறார், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். ஊர் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைத்தவர், என்னை மட்டும் வாயை மூடச் சொல்வார். அவருக்கு வாழ்க்கையில் எல்லாம் கிடைத்தது. வீடு, பெயர், உஷாந்தி என்று ஒரு மகள். கிடைக்காதது ஒன்றே ஒன்று: கோல்ஃபில் ஒரே அடியில் குழிக்குள் பந்தைப் போடும் பாக்கியம். கொழும்பில் எத்தனையோ வருடம் ஆடியும் அது வாய்க்கவில்லை. முழங்கால் தேய்ந்து, கலியாணம் முடிந்ததும் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு மட்டையைத் தொடக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை.

கலியாணம் உஷாந்தியுடையது. மாப்பிள்ளை ஹரிசன் லண்டன் பிள்ளை. இரண்டு பக்கத்துக்கும் நடுவாக இருக்கட்டும் என்று சைப்பிரசில் ஒரு கடற்கரை விடுதியைப் பிடித்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது நடுவே இல்லை. ஆனால் உஷாந்தி கேட்டால் நாங்கள் நிலாவுக்கும் போவோம். அவள் அக்காவின் வயிற்றில் பிறந்தவள்தான், ஆனால் தவழ்ந்ததும் நடந்ததும் எங்கள் வீட்டு நிலத்தில். அவளை முன்பள்ளிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். அவளைப் போல் இன்னொரு உயிரை நான் நேசித்ததில்லை.

விடுதிக்கு வந்த அன்று அவள், "சித்தப்பா, நீங்கள் மணவறைக்குப் பக்கத்தில நில்லுங்கோ" என்றாள். கமலினி அக்கா அவளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "வேண்டாம் பிள்ளை. நல்ல மனுசன்தான், ஆனால் உன்ர கலியாணத்தில நாங்கள் பரீட்சை பார்க்கேலாது. பின்னால இருக்கட்டும்." சுவர் மெல்லியது, எனக்குக் கேட்டது. நியாயமான பேச்சுத்தான். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் அது விமானப் பயணத்தின் களைப்பு.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை சகலன் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். விடுதிக்குப் பின்னால் மலைச்சரிவில், காட்டுக்குள் வெட்டிய சின்னக் கோல்ஃப் மைதானம். ஒன்பதே குழிகள். தூரம் எல்லாம் சின்னத் தூரம், ஆனால் ஏற்றமும் இறக்கமுமாக, நிமிர்ந்து நிற்கத் தட்டையான நிலம் கிடையாது. ஒரே அடியில் விழுத்துவதற்கு இதைவிடத் தோதான இடம் உலகத்தில் இல்லை என்று அவர் நம்பினார்.

"வாரும் ஐசே, ஆனால் ஒரு கொண்டிசன்" என்றார். பெயர் சொல்லமாட்டார், ஆங்கிலப் பாணியில் எப்போதும் "ஐசே"தான். "ஆட்டம் முடியும்வரைக்கும் நீர் வாய் திறக்கப்படாது. நல்ல அடி எண்டும் சொல்லப்படாது, கெட்ட அடி எண்டும் சொல்லப்படாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படப்படாது எண்டுவினம். உம்மட அடி அதுக்கும் மேல."

நான் தலையாட்டினேன். அந்த நிமிடத்திலிருந்து நான் ஊமை. இரவல் மட்டையோடு பேசாமல் ஏறினேன், பேசாமல் இறங்கினேன். என் பந்து மரத்தில் பட்டு என்னிடமே திரும்பி வந்தபோதுகூட முனகவில்லை. அவரோ எனக்கும் சேர்த்துக் கதைத்துக்கொண்டு வந்தார். தான் கழற்றிய பற்களின் வரலாறு, தான் விட்ட அடிகளின் வரலாறு. நல்ல அடி விழுந்தால் என் வாயைத் திரும்பிப் பார்ப்பார். அது மூடியிருந்தால் சிரிப்பார்.

எட்டாம் குழி ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம். அடிக்கிறவனுக்குக் கொடி தெரியாது, மரங்களின் தலைதான் தெரியும். அதனால் அங்கே ஒரு மணி கட்டியிருக்கிறார்கள். முன்னால் போனவன் மணியை அடித்தால் பின்னால் நிற்பவன் பந்தை அடிக்கலாம். நான் முதலில் அடித்தேன், பந்து எங்கேயோ ஒழிந்தது. மேட்டைக் கடந்து போய், புல்தரையின் ஓரத்தில் நின்று மணியை அடித்தேன்.

அவருடைய பந்து மரங்களுக்கு மேலாக வந்தது. ஒரு பாறையில் பட்டு எகிறி, புல்லில் விழுந்து, அவசரமில்லாமல் உருண்டு, கொடிக்கம்பைத் தொட்டுக் குழிக்குள் போய்விட்டது. சத்தமே இல்லை. அருமையான அடி. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான் போய்க் குனிந்து அதை எடுத்துப் பொக்கெற்றுக்குள் போட்டேன்.

இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. நான் யோசித்தது குடும்பத்தின் நன்மையை. இந்த மனுசன் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கதையை அரை மணித்தியாலம் சொல்வார். இப்படி ஓர் அடியைக் கையில் கொடுத்தால், இனி எங்கள் பிறந்தநாளுக்கும் செத்தவீட்டு அந்தியேட்டிக்கும் இதுதான் சங்கதி. மறுநாள் மணவறையில்கூடப் பெண்ணை விட்டுவிட்டு இதைத்தான் எல்லோரும் பேசியிருப்பார்கள். உஷாந்தியின் நாளை நான் காப்பாற்றினேன் என்றே சொல்லலாம்.

அவர் மூச்சு வாங்க மேடேறி வந்தார். முகம் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. "எங்க ஐசே? நேராத்தான் வந்தது. கண்டனீரோ?"

நான் வாய் திறக்கக்கூடாது அல்லவா. கையைக் காட்டினேன். புல்தரைக்குப் பின்னால் ஒரு பள்ளம், செங்குத்தாக இறங்கும், முழுக்கப் பைன் இலை. வேறு பக்கங்களும் இருந்தன. இடப்பக்கம் சரிவில்லாத புதர்ப் பற்றை ஒன்று இருந்தது. கை அந்த நேரம் பள்ளத்தைத்தான் காட்டியது.

அவர் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். "வழுக்குமோ?" என்று கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன். கடைசி ஆட்டம், பந்தை விட மனமில்லை, மட்டையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். விழுந்தபோது அவரும் சத்தம் போடவில்லை. கீழே கிடந்து, "பந்து இஞ்ச இல்லை" என்றுதான் முதலில் சொன்னார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா அழுது முடித்ததும் முதல் வேலையாக என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?"

கட்டிலில் கிடந்தபடியே சகலன் கையை உயர்த்தினார். "சும்மா இரும், கமலி. அந்தாள் முழு ஆட்டமும் வாயே திறக்கேல்ல. நான்தான் சாட்சி. இவ்வளவு காலமும் பாவம், வீணாப் பழி சொல்லிப்போட்டம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். முகூர்த்தத்தை மாற்ற முடியாது. மறுநாள் காலை தாரைவார்க்க ஒரு தகப்பன் வேண்டும். "நீரே செய்யும், ஐசே" என்றார் சகலன். "அவளை வளர்த்ததில உமக்கும் பங்கிருக்கு." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படித்தான் நானும் வதனியும் மணவறைக்கு வந்தோம். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. உஷாந்தியின் கையை ஹரிசனின் கையில் வைத்தேன், வதனி செம்பிலிருந்து நீரை வார்த்தாள். வார்க்கும்போது அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். அக்கா போனைத் தூக்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் காட்டிக்கொண்டு நின்றார். வேட்டி மடிப்புக்குள் பந்து இருந்தது. குனியும்போதெல்லாம் இடுப்பில் அழுத்தியது. என் ஆயுளிலேயே நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது சகலன் கிருலப்பனையில் நாலுகால் ஊன்றுகோலோடு நடக்கிறார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காணாமல்போன பந்தின் கதையைச் சொல்கிறார். குழிக்குள் விழுந்த பந்தின் கதையாக இருந்தால் இதில் பாதி நீளம்தான் வந்திருக்கும். போன கிழமை என்னைப் பக்கத்தில் இருத்தி, "நீர் குழிக்குள்ள பார்த்தனீரோ ஐசே?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, பார்த்தனான்" என்றேன். அதில் பொய்யில்லை.

அவர் எனக்காகச் சொன்ன சாட்சியும் பொய்யில்லை. அவர் கேட்டதைத்தான் சொன்னார். கேட்காத ஒன்று இருக்கிறது. பள்ளத்துக்குள் அவர் முதல் அடியை வைத்து, மறு காலைத் தூக்கியபோது, முதுகுக்குப் பின்னால் நின்று நான் மெல்ல வாயைத் திறந்தேன். தள்ளவில்லை, திட்டவில்லை. "அண்ணைக்கு நல்ல உறுதியான கால்" என்று மனமாரப் பாராட்டினேன். நாவூறில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் பயமில்லாமல் மூன்று தரம் சொன்னேன்.