பூட்டண்ணனின் கடைசிப் பெட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அழிக்கவேண்டிய ஆவணங்களை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வாடிக்கையாளர்களே, கிடங்கிலும் அரைவை இயந்திரத்திலும் என்னோடு உழைக்கும் தோழர்களே, வணக்கம்!

நம் நிறுவனர், நம் பூட்டண்ணன் போய்விட்டார். வங்கிகளும் மருத்துவமனைகளும் தங்கள் பழைய காகிதங்களை யாரை நம்பிக் கொடுத்தன? அவரை நம்பி! அவரிடம் வந்த காகிதம் தூளானது. அதிலிருந்த சேதி வெளியே கசிந்ததுண்டா? ஒருநாளும் இல்லை! கிடங்கு மேலாளராகக் கூடவே இருந்தவன் சொல்கிறேன்.

ஒருமுறை, ஒரு வக்கீல் அலுவலகத்தில் கழிவுத் தாள் போட நாம் வைத்திருந்த பூட்டுப்பெட்டிக்குள், அந்தத் தாள்களோடு சேர்த்துத் தன் மகனின் கல்லூரிச் சான்றிதழையும் தவறிப் போட்டுவிட்டார் அண்ணன். மறுநாள் மகனுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு! அண்ணி விடுவாரா?

"சாவி உங்க இடுப்புலதானே தொங்குது? திறந்து எடுக்க வேண்டியதுதானே!"

"சாவிதான் என்னோடது. உள்ள இருக்கறது வக்கீலோடது."

வெளியூரிலிருந்த வக்கீலே தொலைபேசியில், "அட, திறந்துக்கங்கய்யா!" என்றார்.

"உங்க கண்ணு முன்னாடிதான் திறப்பேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். நீங்க வாங்க."

வக்கீல் வரும்வரை அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார் மனிதர்! நேர்முகத் தேர்வு கைநழுவிப் போனது. மகன் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. வக்கீலோ தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் நம்மிடம் அனுப்பிவைத்தார்.

அண்ணன் தனக்கென்றும் கிடங்கில் ஒரு பெட்டி வைத்திருந்தார். 'என் காலத்துக்குப் பின் திறக்காமல் அழிக்கவும்' என்று மேலே ஒட்டியிருக்கிறார். இன்று காலை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான் மகன்.

"ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேம்மா. என்னைப் பத்தி ஏதாவது எழுதி வச்சிருப்பாரு. சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

அண்ணிதான் அழுதுகொண்டே சொன்னார்:

"எனக்கும் ஆசையாத்தான் இருக்குய்யா. பெட்டிக்குச் சொந்தக்காரர் கண்ணு முன்னாடிதானே திறக்கணும்? அவர் எங்கய்யா இருக்காரு இப்போ?"

மகன் தானே பெட்டியைத் தூக்கிவந்து இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தான்.

அண்ணன் போன பின் இந்த நிறுவனம் என்னாகும் என்று கேட்கிறீர்களா? இதுதான் ஆகும்! அவர் பூட்டியதை நாங்கள் பூட்டியே வைப்போம். இது அவர்மேல் ஆணை!

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கீழே வாருங்கள். அரைவை இயந்திரத்தின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள். பொத்தானை அழுத்தப்போவது அவர் மகன்.